கதைப்பலகை (மாணவர் அசைவூட்டப் படங்கள்)

கதைப்பலகை என்பது, ஒரு படம் திரையில் எவ்வாறு தோன்றவேண்டும் என்பதைக் காட்சிகளின் வரிசைப்படி சிறு ஓவியங்களாக வரைந்து அடுக்கிய திட்டம் ஆகும். தொழில்துறையில் இது ஸ்டோரிபோர்டு என்றே பரவலாக வழங்கப்படுகின்றது. நடிகர்களைக் கொண்டு எடுக்கப்படும் திரைப்படங்களில் கதைப்பலகை ஒரு துணைக்கருவி மட்டுமே. அனிமேசன் எனப்படும் அசைவூட்டப் படங்களில் அது ஏறத்தாழ இன்றியமையாதது. நடிகர்களைக் கொண்ட படத்தில் ஒரே காட்சியைப் பல கோணங்களில் எடுத்து வைத்துக்கொண்டு, வேண்டாதவற்றைப் படத்தொகுப்பின்போது வெட்டிவிடலாம். அசைவூட்டத்தில் அவ்வாறு வெட்டப்படும் ஒவ்வொரு வினாடியும் யாரோ ஒருவர் பல மணிநேரம் அமர்ந்து உருவாக்கியதாக இருக்கும்.

ஆட்பலமும் பணமும் இன்றி, ஒப்படைக்கவேண்டிய நாள் மட்டும் உறுதியாகத் தெரிந்த நிலையில் பணிபுரியும் மாணவர்களுக்கு இவ்வேறுபாடு மிக முக்கியமானது. மாணவர் படங்கள் பல முடிவடையாமல் நின்றுபோவதற்கு வரையும் திறமைக் குறைவு காரணமாக இருப்பதில்லை. எழுதும்போது சிறியதாகத் தோன்றிய கதை, வரையும்போது எவ்வளவு பெரியது என்பது காலம் கடந்து தெரியவருவதே பெரும்பாலும் காரணமாகின்றது. அதனை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பதே கதைப்பலகையின் முதன்மையான பயன் எனலாம்.

வரலாறு

இன்றைய வடிவிலான கதைப்பலகை 1930களின் தொடக்கத்தில் வால்ட் டிஸ்னியின் படப்பிடிப்பகத்தில் உருவானது. அங்கு கதைப்பிரிவில் பணியாற்றிய வெப் சிமித் என்பவர், ஒவ்வொரு நிகழ்வையும் தனித்தனித் தாளில் வரைந்து, அவற்றைச் சுவரில் வரிசையாகக் குத்திவைக்கும் வழக்கத்தைத் தொடங்கியதாகக் கூறப்படுகின்றது. 1933 ஆம் ஆண்டு வெளிவந்த "திரீ லிட்டில் பிக்ஸ்" முழுமையாகக் கதைப்பலகை கொண்டு திட்டமிடப்பட்ட முதற் படங்களுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. 1939 இல் வெளியான "கான் வித் த விண்ட்" என்ற நடிகர்களைக் கொண்ட படத்துக்கும் வில்லியம் கேமரன் மென்சீசு விரிவான காட்சி ஓவியங்களைத் தயாரித்தார்.

கதைக்குப் படம் வரைவது சிமித்துக்கு முன்பும் இருந்ததே. படக்கதைப் பக்கங்களைப் போல ஒரே தாளில் பல கட்டங்களாக வரைந்துவந்தனர். தாள்கள் தனித்தனியே பிரிந்தது சிறு மாற்றமாகத் தோன்றலாம். ஆனால் தனித்தாளைப் பிடுங்கலாம், இடம் மாற்றலாம், குப்பைத்தொட்டியில் போடலாம். ஏட்டில் பக்கம் பக்கமாகக் கதைப்பலகை வரையும் மாணவர்கள் இந்த ஒரு வசதியையே இழந்துவிடுகின்றனர் என்பதால் இது இங்கு குறிப்பிடத்தக்கது.

இந்தியாவைப் பொறுத்தவரை, டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் என்ற அசைவூட்டக் கலைஞர் 1950களின் நடுப்பகுதியில் மும்பையிலுள்ள பிலிம்ஸ் டிவிசனுக்கு வந்து, அங்கிருந்த கேலிப்படப் பிரிவினருக்குப் பயிற்சி அளித்தார். பின்னாளில் இந்திய அசைவூட்டத்தின் முன்னோடியாக அறியப்பட்ட ராம் மோகன் அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர்.

ஓவியங்களின் கணக்கு

திரைப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. கையால் வரையப்படும் அசைவூட்டத்தில் பெரும்பாலும் ஒவ்வோர் ஓவியமும் இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தப்படும். ஆகவே வினாடிக்கு 12 ஓவியங்கள் போதும். அதன்படி ஒரு நிமிடப் படத்துக்கு 720 ஓவியங்கள் வேண்டும். ஒரு மாணவர் நாளொன்றுக்குச் சராசரியாக 20 ஓவியங்களை முடிப்பதாகக் கொண்டால், ஒரு நிமிடத்துக்கு 36 நாட்களும் மூன்று நிமிடத்துக்கு 108 நாட்களும் ஆகும். வண்ணம் தீட்டுதல், பின்னணி, ஒலி ஆகியவை இதில் அடங்கா. திரையில் இரண்டு கதைமாந்தர்கள் ஒரே நேரத்தில் அசைந்தால் எண்ணிக்கை ஏறக்குறைய இருமடங்காகும். கூட்டம், மழை, குதிரை ஆகியவற்றைக் கதையில் எழுதுவதற்கு முன் இக்கணக்கை ஒருமுறை போட்டுப்பார்ப்பது நன்று.

எழுத்து இக்கணக்கை மறைத்துவிடுகின்றது. "அவன் நெடுநேரம் சிந்தித்தான்" என்பதும் "ஊரார் அனைவரும் திரண்டு ஓடினர்" என்பதும் தாளில் ஒரே நீளம் உடையவை. முதலாவதற்கு ஓர் ஓவியமும் ஓர் இமை அசைவும் போதும். இரண்டாவது ஒரு மாணவரின் பருவம் முழுவதையும் விழுங்கக்கூடியது.

நிக் பார்க்கின் மாணவர் படம்

இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு "எ கிராண்ட் டே அவுட்" ஆகும். வாலசு, குரோமிட் என்ற களிமண் பாத்திரங்கள் முதன்முதலில் தோன்றிய இப்படத்தை, நிக் பார்க் இங்கிலாந்தின் தேசியத் திரைப்பட, தொலைக்காட்சிப் பள்ளியில் பயின்றபோது தம் பட்டப்படிப்புப் படமாக 1982 இல் தொடங்கினார். பாலாடைக்கட்டி தீர்ந்துவிட்டதால் இருவரும் ஏவூர்தி செய்து நிலவுக்குச் செல்வதே கதை. தொடக்கத்தில் எழுதப்பட்ட திரைக்கதையில் நிலவிலே பல விந்தை உயிரினங்கள் இடம்பெற்றிருந்தன. ஓர் ஆண்டுக்கும் மேலாகப் படம்பிடித்த பின்னும் பார்க் திரைக்கதையின் முதற் பக்கத்தைத் தாண்டியிருக்கவில்லை.

எஞ்சிய பக்கங்களை அதே வேகத்தில் எடுப்பது ஒருவரின் ஆயுளில் இயலாது என்பதால் கதை சுருக்கப்பட்டது. நிலவில் இருக்கவேண்டிய கூட்டம் முழுவதும் நீக்கப்பட்டு, காசு போட்டால் இயங்கும் அடுப்பு போன்ற ஓர் இயந்திரம் மட்டும் எஞ்சியது. பனிச்சறுக்கு செய்ய ஏங்கும் அந்த இயந்திரமே இன்று பலரும் நினைவில் வைத்திருக்கும் பாத்திரம் என்பது கவனிக்கத்தக்கது. 1985 இல் பார்க் ஆர்ட்மன் நிறுவனத்தில் சேர்ந்தார். அந்நிறுவனத்தின் உதவியுடன் படம் 1989 இல் நிறைவுற்றது. ஏறத்தாழ 23 நிமிடம் ஓடும் படத்துக்கு ஏழு ஆண்டுகள் ஆயின. 1991 இல் இப்படம் ஆசுக்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. விருதைப் பெற்றது பார்க் இயக்கிய மற்றொரு குறும்படமான "கிரீச்சர் கம்ஃபர்ட்ஸ்".

பார்க்குக்குக் கைகொடுக்க ஒரு நிறுவனம் இருந்தது. பெரும்பாலான மாணவர்களுக்கு அவ்வாய்ப்பு அமைவதில்லை என்பதால், அவர் படப்பிடிப்பின் நடுவில் செய்த சுருக்கத்தைக் கதைப்பலகைக் கட்டத்திலேயே செய்துவிடுவது பாதுகாப்பானது. சான் லேசிட்டர் கலிபோர்னியா கலைக் கழகத்தில் மாணவராக இருந்தபோது உருவாக்கிய "லேடி அண்ட் த லாம்ப்" (1979), "நைட்மேர்" (1980) ஆகிய இரண்டும் மாணவர் அகாதமி விருது பெற்றன. முன்னது ஒரு விளக்குக் கடையிலும் பின்னது ஒரு சிறுவனின் படுக்கையறையிலும் நிகழ்கின்றன.

எடுத்துக்காட்டு: தாகமுற்ற காகம்

கதைப்பலகை வரையும் முறையை எல்லோரும் அறிந்த ஒரு கதையைக் கொண்டு விளக்கலாம். தாகமுற்ற காகம் ஒன்று பானையின் அடியில் சிறிது நீரைக் காண்கின்றது, அலகு எட்டவில்லை, கூழாங்கற்களை ஒவ்வொன்றாகப் போடுகின்றது, நீர் மேலே வருகின்றது, குடித்துவிட்டுப் பறக்கின்றது. ஒரு கதைமாந்தர், ஓர் இடம், உரையாடல் இல்லை. மாணவர் படத்துக்கு இதைவிட எளிய கதை அரிது. ஆனாலும் கதைப்பலகை வரையத் தொடங்கியவுடன் இரண்டு சிக்கல்கள் தோன்றும்.

முதலாவது, பானை மண்ணால் ஆனது. உள்ளே இருக்கும் நீர் வெளியே தெரியாது. "நீர் மேலே வந்தது" என்று எழுதிவிடலாம். பக்கவாட்டிலிருந்து பானையை வரைந்தால் கதையின் உயிர்நாடியான அந்நிகழ்வைப் பார்வையாளர் காணவே முடியாது. பானையைக் கண்ணாடிச் சாடியாக மாற்றுவது ஒரு வழி. பானையைக் குறுக்காக வெட்டியதுபோல் காட்டுவது மற்றொரு வழி. ஆனால் அது அறிவியல் பாடநூலின் படம்போல் ஆகிவிடும். மூன்றாவது வழி, காகத்தின் பார்வையிலேயே பானைக்குள் எட்டிப்பார்ப்பது. இருண்ட வட்டம், அதன் அடியில் சிறு ஒளித்துண்டு, அத்துண்டில் காகத்தின் நிழலுருவம். ஒவ்வொரு கல்லுக்குப் பின்னும் அதே காட்சிக்குத் திரும்பினால், தன்னை நோக்கி மேலேறிவரும் தன் முகத்தையே காகம் பார்க்கும். கூடுதலாக வரையவேண்டியதும் மிகக் குறைவு, ஏனெனில் அதே முகத்தைச் சற்றுப் பெரிதாக்கினால் போதும். இவ்வாறான தீர்வுகள் எழுத்தில் கிடைப்பதில்லை. நான்கைந்து கட்டங்களை வரைந்து, சரிவராமல் கிழித்த பின்பே பெரும்பாலும் கிடைக்கின்றன.

இரண்டாவது சிக்கல் கற்கள். காகம் நடந்துசென்று கல்லைக் கவ்வி, பறந்துவந்து போடுவதற்கு 6 வினாடிகள் எனக் கொள்வோம். அது 72 ஓவியங்கள். பத்துக் கற்களையும் முழுமையாகக் காட்டினால் ஒரு நிமிடமும் 720 ஓவியங்களும் ஆகும். மூன்றாவது கல்லிலேயே பார்வையாளர் சலிப்படைந்துவிடுவார் என்பது வேறு. கதைப்பலகையில் இதனைப் பின்வருமாறு சுருக்கலாம். முதற் கல் முழுமையாக, 72 ஓவியங்கள். இரண்டாவது கல்லுக்குப் பானையின் உட்பகுதி மட்டும், 2 வினாடி, 24 ஓவியங்கள். அடுத்து, தரையில் கிடக்கும் கற்குவியல் படிப்படியாகக் குறைகின்றது. அதன்மேல் காகம் திரும்பத் திரும்பப் பறந்து செல்கின்றது. இதற்கு 8 ஓவியங்கள் கொண்ட ஒரு பறத்தல் சுழற்சியும் குவியலுக்கு 4 ஓவியங்களும் போதும். திரையில் 4 வினாடிகள் ஓடும். கடைசிக் கல் 3 வினாடி, 36 ஓவியங்கள். மொத்தம் 15 வினாடிகள், 144 ஓவியங்கள். முன்னதில் ஐந்தில் ஒரு பங்கு. கதையில் எதுவும் குறையவில்லை.

திசையைக் குறித்தும் ஒரு சொல். கற்கள் திரையின் இடப்பக்கமும் பானை வலப்பக்கமும் இருப்பதாக முதற் கட்டத்தில் காட்டிவிட்டால், கல்லுடன் வரும் காகம் எப்போதும் இடமிருந்து வலமாகவே பறக்கவேண்டும். நடுவில் ஒரு கட்டத்தில் திசை மாறினால், காகம் கல்லைத் திருப்பி எடுத்துச்செல்வதாகவே தோன்றும். ஒளிப்படக்கருவி ஒரு கற்பனைக் கோட்டின் ஒரே பக்கத்தில் இருக்கவேண்டும் என்ற 180 பாகை விதி இதனையே கூறுகின்றது. அடுத்தடுத்துக் குத்திவைத்த தாள்களில் இப்பிழை பளிச்செனத் தெரியும். ஒவ்வொரு காட்சியாக அசைவூட்டி முடிக்கும்போது தெரியாது.

வரையும் முறை

முதலில் தபால்தலை அளவிலான சிறுவரைவுகள் போடப்படுகின்றன. முகமோ விரல்களோ இதில் தேவையில்லை. யார் எங்கே நிற்கின்றார், எவ்வளவு பெரிதாகத் தெரிகின்றார், எந்தப் பக்கம் பார்க்கின்றார் என்பவை தெரிந்தால் போதும். அடுத்து, தேர்ந்தெடுத்த சிறுவரைவுகள் தனித்தாள்களில் சற்றுத் தெளிவாக வரையப்படுகின்றன. கட்டத்தின் அகல, உயர விகிதம் இறுதிப் படத்தின் விகிதமாகவே இருக்கவேண்டும். இன்று பெரும்பாலும் அது 16:9. சதுரக் கட்டத்தில் வரைந்துவிட்டுப் பின்னர் அகலத்திரைக்கு மாற்றுவோர் இருமுறை உழைக்கின்றனர். ஒவ்வொரு கட்டத்தின் கீழும் காட்சி எண், நிகழ்வு, ஒலி அல்லது உரையாடல், உத்தேசக் கால அளவு ஆகியவை எழுதப்படும். கதைமாந்தர் அல்லது ஒளிப்படக்கருவி நகர்வதை அம்புக்குறிகள் காட்டும்.

கதைப்பலகை அழகாக இருக்கவேண்டும் என்ற எண்ணம் மாணவரிடையே பரவலாக உண்டு. இது தீங்கானது. இரண்டு மணிநேரம் செலவிட்டு நிழலும் வண்ணமும் தீட்டிய கட்டத்தைக் கிழிக்க எவருக்கும் மனம் வராது. அக்கட்டம் கதைக்குத் தேவையில்லை என்று தெரிந்தபின்னும் அது படத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். சொற்களைக் கொடுத்தால் படம் உருவாக்கித்தரும் செயற்கை அறிவுத்திறன் மென்பொருள்களைக் கதைப்பலகைக்குப் பயன்படுத்துவதிலும் இதே இடர் உள்ளது. முதல் நாளிலேயே முடிந்துபோன படம்போல் தோன்றும் ஒன்றை யாரும் மாற்ற முன்வருவதில்லை. நிரலாக்கத்தில் மாதிரி நிரலைத் தூக்கியெறியாமல் அப்படியே வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டு அல்லலுறுவோர் இதனை நன்கு உணர்வர்.

அனிமேட்டிக்

கட்டங்களைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொன்றையும் உரிய கால அளவுக்கு நிறுத்தி, தற்காலிக ஒலியுடன் ஓடவிடும் படம் அனிமேட்டிக் எனப்படும். முற்காலத்தில் இது லைக்கா ரீல் என்று அழைக்கப்பட்டது. கதைப்பலகை எது நிகழ்கின்றது என்பதைக் காட்டும். எவ்வளவு நேரம் நிகழ்கின்றது என்பதை அனிமேட்டிக் மட்டுமே காட்டும்.

கால அளவை மனதில் கணிப்பதைவிட நடித்துப்பார்த்து அளப்பதே சரியாக அமையும். ஒருவர் நடிக்க, மற்றவர் கைப்பேசியின் நிறுத்துகடிகாரத்தை இயக்கலாம். எழுந்து கதவைத் திறப்பதற்கு 2 வினாடி என எழுதியிருப்பார்கள். உண்மையில் 5 ஆகும். உரையாடல் இருப்பின் குரல்களை அசைவூட்டத்துக்கு முன்பே பதிவுசெய்யவேண்டும், ஏனெனில் வாயசைவு ஒலியைப் பின்பற்றியே வரையப்படுகின்றது.

அனிமேட்டிக்கை முதன்முறை பார்க்கும்போது படம் நினைத்ததைவிட நீளமாக இருப்பது வழக்கம். வெட்டவேண்டிய இடம் இதுவே. இங்கு ஒரு வினாடியை வெட்டினால் இழப்பது ஒரு கிறுக்கல். மூன்று மாதம் கழித்து வெட்டினால் இழப்பது 12 ஓவியங்கள்.

பிறரிடம் காட்டுதல்

கதை அறியாத ஒருவரிடம் கட்டங்களைக் காட்டி, எதுவும் விளக்காமல், அவரையே கதையைச் சொல்லச் சொல்வது சிறந்த சோதனை ஆகும். வரைந்தவர் அருகிலிருந்து "இங்கே அவன் கோபமாக இருக்கிறான்" என்று ஒரு சொல் சொன்னாலும் சோதனை வீணாகிவிடும். திரையரங்கில் அவர் ஒவ்வொருவர் அருகிலும் அமர்ந்து விளக்க முடியாது. பார்ப்பவர் தவறாகச் சொன்னால் பிழை கட்டத்தில் உள்ளது, அவரிடம் இல்லை. தன் படைப்பு புரியவில்லை எனக் கேட்பது எளிதன்று. குழுவாகப் பணிபுரியும்போது, வரைந்தவரல்லாத மற்றொருவர் கருத்துகளைக் குறித்துக்கொள்ளும் வழக்கம் இதற்கு உதவுகின்றது.

கால அட்டவணை

அட்டவணை ஒப்படைப்பு நாளிலிருந்து பின்னோக்கிப் போடப்படுகின்றது. முப்பரிமாண அசைவூட்டத்தில் கணினி இறுதிப்படத்தை உருவாக்கும் நேரத்தை மாணவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். சட்டகம் ஒன்றுக்கு 10 நிமிடம் ஆகுமெனில், ஒரு நிமிடப் படத்தின் 1440 சட்டகங்களுக்கு ஒரே கணினியில் 240 மணிநேரம், அதாவது இரவுபகலாகப் பத்து நாட்கள் வேண்டும். மின்தடை இக்கணக்கில் இல்லை.

காட்சிகளை வரிசைப்படி அசைவூட்டுவதும் ஒரு பொதுவான தவறு. தொடக்கக் காட்சிகள் மெருகேறி நிற்க, கதையின் முடிவு வரையப்படாமலேயே நாள் வந்துவிடும். கதைப்பலகையைச் சுவரில் வைத்துக்கொண்டு, எக்காட்சிகள் இன்றிக் கதை புரியாதோ அவற்றுக்கு ஒரு நிறத்திலும், இல்லாவிடினும் புரியும் காட்சிகளுக்கு வேறொரு நிறத்திலும் குறியிட்டு, முன்னவற்றை முதலில் முடிப்பது நன்று. காகக் கதையில் பானைக்குள் எட்டிப்பார்ப்பது முதல் வகை. அது வெயிலில் பறந்துவரும் அழகிய தொடக்கக் காட்சி இரண்டாம் வகை.

மென்பொருள்கள்

தாள், பென்சில், குண்டூசி ஆகியவை போதுமானவை. கணினியில் வரைய விரும்புவோர்க்குக் கட்டற்ற மென்பொருள்கள் பல உள்ளன. ஸ்டோரிபோர்டர் இப்பணிக்கென்றே உருவாக்கப்பட்டது. கிரிட்டாவின் 5.0 பதிப்பிலிருந்து (2021) கதைப்பலகை வசதி சேர்க்கப்பட்டுள்ளது. பிளெண்டரின் கிரீஸ் பென்சில் வசதி, முப்பரிமாண வெளிக்குள் கையால் வரைய உதவுகின்றது. எளிமையை விரும்புவோர் பென்சில்2டி மென்பொருளைப் பயன்படுத்தலாம்.

கதைப்பலகையின்றி உருவான படங்கள்

கதைப்பலகை முழுமையடையாமலே படம் தொடங்குவோரும் உள்ளனர். சப்பானிய இயக்குநர் அயாவோ மியசாக்கி, கதைப்பலகையைத் தாமே வரைபவர். அதன் இறுதிப்பகுதி முடிவதற்கு முன்பே அசைவூட்டப் பணிகளைத் தொடங்கிவிடுவது அவர் வழக்கம். அவருக்குப் பின்னால் ஒரு படப்பிடிப்பகமே இருந்தது என்பதை இங்கு மறக்கலாகாது.

லாத்வியாவைச் சேர்ந்த கின்ட்ஸ் சில்பலோடிஸ் மாணவர்களுக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு. "அவே" (2019) என்ற 75 நிமிடப் படத்தை அவர் ஏறத்தாழ முழுவதும் தனியொருவராகவே உருவாக்கினார். சிறு குழுவுடன் பிளெண்டர் மென்பொருளில் அவர் இயக்கிய "ஃபுளோ" (2024), 2025 இல் சிறந்த முழுநீள அசைவூட்டப் படத்துக்கான ஆசுக்கர் விருதைப் பெற்றது. அதற்கு அவர் கதைப்பலகை வரையவில்லை. எளிய முப்பரிமாண நிலப்பரப்பை முதலில் அமைத்து, அதற்குள் கணினியின் ஒளிப்படக்கருவியை நகர்த்திக் கோணங்களைத் தேடி, நேரடியாகவே அனிமேட்டிக்கை உருவாக்கினார். தூக்கியெறியக்கூடிய கரட்டு வடிவம் அங்கும் இருந்தது. அது தாளில் இல்லை.